வஸ்தாதின் பயம்

பெங்களூரில் எனக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று காலை, பக்கத்துக் கட்டிலில் மர்பி டவுனைச் சேர்ந்த மல்யுத்த ஆசான் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை வஸ்தாது என்றே அழைத்தார்கள். தூண் போன்ற கழுத்து, நரைத்த அகன்ற மார்பு. ஊசியைக் கண்டால் கோதாவில் இறங்குபவர்போல் தொடையைத் தட்டிக்கொள்வார்.

அவருக்கும் அன்று அதே சிகிச்சைதான். பார்க்க வந்த சீடர்களிடம், "பயமாகீதுடா," என்றார்.

"இன்னா வஸ்தாது, நீங்களே இப்டி சொன்னா? வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

"பொளக்கப்போறது என் நெஞ்சுடா. அதுக்கு டான்ஸா ஆடுவாங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு பயமில்லியா சார்?"

என் மகன் அருகில் நின்றான். பெரிய அதிகாரியாக ஓய்வுபெற்றவன் நான். "பயமா? எனக்கா?" என்றேன்.

"அப்போ என் கையக் கொஞ்சம் புடிச்சிக்கோங்க சார்."

பிடித்தேன். நடுங்கியது என் கைதான். அவர் விரல்களை இறுக்கி அந்த நடுக்கத்தை மறைத்தார். "பாருங்கடா, சார் எவ்ளோ தைரியமா கீறாரு!"

என் மகன் பெருமையாகச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

அவரைத்தான் முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள். "பயமாகீது, பயமாகீது" என்று தாழ்வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார். தைரியசாலியாகப் படுத்திருந்த எனக்குத்தான் மூச்சு முட்டியது.