மல்லாட்டைத் தோலும் ஒரே ஒரு கரி சாம்பிளும்

பகல் ஒரு மணிக்குக் கரித்துண்டுகளை அலுமினியத் தாளில் மடித்து, லேபிள் ஒட்டி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். மூன்று மணிக்கு அகழாய்வு இயக்குநர் வந்து அதை வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போவதாக ஏற்பாடு. அந்த ஆண்டு எங்கள் அகழாய்வுக்கு ஒரே ஒரு சாம்பிளைத்தான் காலக்கணிப்புக்கு அனுப்ப அனுமதி கிடைத்திருந்தது. நாங்கள் தோண்டிய மேட்டில் மனிதர்கள் எப்போது வாழ்ந்தார்கள் என்பதை அந்தப் பொட்டலம்தான் சொல்ல வேண்டும்.

திண்டிவனத்துக்கு மேற்கே, கூட்டேரிப்பட்டில் இறங்கி டவுன் பஸ் பிடித்துப் போகும் ஊர் அது. சுற்றிலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை, நடுவில் மேடு. நான் குழிப் பொறுப்பாளர். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். இனிமேல் குழிக்குள் இறங்கப் போகிறவர்களுக்காக அந்த ஒரு நாளை எழுதி வைக்கிறேன்.

என் குழியில் பத்துப் பேர் வேலை செய்தார்கள். எல்லாரும் அதே ஊரில் கொல்லை வேலைக்குப் போகிறவர்கள். முதல் நாளே அவர்களிடம் ஒரு விதி சொல்லியிருந்தேன். மண்ணில் எது தென்பட்டாலும் என்னிடம் காட்டாமல் வெளியே போடக் கூடாது. போட்டால் அன்றோடு வேலை இல்லை. அதைச் சற்று உரக்கவே சொன்னதாக நினைவு.

அன்று காலை இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஓர் அடுப்பு தெரிந்தது. மூன்று கல், பக்கத்தில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், இடையில் கரி. ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தேன். டம்பி லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியில் ஆழம் பார்த்து நோட்டில் குறித்தேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை. பரப்பைச் செதுக்கியதும் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது வழக்கம். ஈரத்தில்தான் மண்ணின் நிற வேறுபாடு தெரியும். கரி நனைந்தால் மூன்று மணிக்குள் காயாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு நேரம். எல்லாரும் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். போனில் இயக்குநரிடம், “ரெடி சார், இந்த ஒண்ணுதான், வேற சாம்பிள் இல்ல” என்று சொல்லி வைத்தேன். திரும்பினால் அஞ்சலை நின்றிருந்தார். அடுப்பைச் சுற்றி மண் அள்ளியவர் அவர்தான். கையில் திறக்காத சாப்பாட்டு டப்பா.

“சார், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க.”

“சொல்லும்மா.”

“காலைல அந்தக் கரி பக்கத்துல ஒரு மல்லாட்டத் தோலு இருந்துச்சு. நம்ப ஆளுங்க யாரோ துன்னுட்டுப் போட்டதுன்னு நெனச்சுக்கினு, மண்ணோட அள்ளிக் கொட்டிட்டேன். உங்களுக்குக் காட்டல.”

தார்ப்பாய்க்கு அடியிலிருந்து கன்னியப்பன் குரல் கொடுத்தார். மண் சுமக்கும் இரும்புப் பாண்டு தூக்குகிறவர், அஞ்சலைக்கு உறவு. “யக்கா, வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா? நாளைக்கு வூட்லயே குந்திக்கினு இரு.”

“நீ உன் சோத்தப் பாருடா” என்றவர் என் பக்கம் திரும்பினார். “இப்ப யோசிச்சா அது யாரும் துன்னது இல்ல சார். கொல்லைல இப்பதான் பூ வுட்டுக்கினு இருக்குது, கொட்டையே இன்னும் வைக்கல. அதுவும் இல்லாம அந்த எடத்துல மண்ணு பொதபொதன்னு இருந்துச்சு. எலி வளை சார். மல்லாட்டப் பறிப்பு முடிஞ்சதும் நாங்க வளையத் தோண்டி எலி சேத்து வச்ச கொட்டைய எடுப்போம். அந்த மண்ணு கையில பட்டாலே தெரியும்.”

மல்லாட்டை நம் பக்கம் வந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு, அந்தப் பானைகள் புழங்கிய காலத்து அடுப்பில் அதன் தோல் இருக்க வழியே இல்லை. தோலை எலி கொண்டுவந்தது என்றால், கரியும் மேலே கொல்லையில் கொளுத்திய குப்பையிலிருந்து விழுந்ததாக இருக்கலாம்.

குழிக்குள் இறங்கித் தண்ணீர் தெளித்தேன். இரண்டு நிமிடத்தில் அடுப்பை ஒட்டி, சொம்பு வாய் அகலத்தில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. பக்கச் சுவரை நனைத்ததும் மேல் அடுக்கிலிருந்து சாய்வாக இறங்கிய தடம் தெரிந்தது. நான் கரி எடுத்த இடம் அந்த வட்டத்துக்குள் இருந்தது. அதற்குள் அஞ்சலை கொட்டிய மண்ணைச் சல்லடையில் போட்டுத் தோலைத் தேடி எடுத்துவிட்டார். அரைத் தோல். இரண்டு பருப்புக்கான பள்ளம்.

மூன்று மணிக்கு வந்த இயக்குநர் காரிலிருந்து இறங்கும்போதே கை நீட்டினார்.

“எங்கய்யா பொட்டலம்?”

“அனுப்ப வேணாம் சார். அது எலி வளை.”

“ஒரு மணிக்கு ரெடின்னியே! யார் சொன்னது?”

“அஞ்சலை சொன்னாங்க. நான் தண்ணி தெளிக்காம எடுத்துட்டேன் சார்.”

கோபமாகத்தான் குழிக்குள் இறங்கினார். வட்டத்தில் கொத்துக்கரண்டியின் நுனியை வைத்தார். அழுத்தாமலேயே இறங்கியது. “நல்லவேளை. லேப்ல போய் அசிங்கப்பட்டிருப்போம்” என்றார். வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

கார் போனதும் அஞ்சலை கேட்டார்: “அப்ப நாளைக்கு வரலாமா சார்?”

இத்தனை வருட வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் என்னை அதிகம் கூச வைத்தது அதுதான். என் விதியை மீறியதை ஒப்புக்கொண்டு அவர் நின்றார். என் வழக்கத்தை மீறிய நானோ காலையிலிருந்து நிம்மதியாக இருந்தேன். அந்த விதிக்குப் பயந்துதான் அவர் ஒரு மணி வரை வாயைத் திறக்கவில்லை என்பதும் அப்போது புரிந்தது.

“நீங்க வரலன்னா நானும் வரல” என்றேன். நோட்டில் ‘எலி வளை. கண்டவர்: அஞ்சலை’ என்று எழுதி, அவருக்குப் படித்தும் காட்டினேன்.

மறுநாள் விதியை எடுத்துவிட்டேன். குழியோரம் ஒரு காலிப் பாண்டை வைத்தேன். சந்தேகம் வந்தால் எதையும் அதில் போடலாம். யார் போட்டது என்று கேட்க மாட்டேன். அதில் சோடா மூடி வந்தது, பீடித் துண்டு வந்தது, ஒருநாள் பழங்காலச் சூதுபவள மணி ஒன்றும் வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, கலையாத தரைக்கு அடியில் வேறு கரி கிடைத்தது. முதலில் தண்ணீர் தெளித்தேன். பிறகு அஞ்சலையைக் கூப்பிட்டு மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். “கெட்டியா கீது, எடுங்க” என்றார். அதைத்தான் அனுப்பினோம்.

பொட்டலத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் பாண்டிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். நீல நிறம், மண் ஒட்டியிருந்தது.

“இது எந்தக் காலத்துது சார்?”

துடைத்துப் பார்த்தேன். பேனா மூடி.

“நம்ப காலத்துதுதான்” என்றார். “உங்க கைல கீற பேனாவப் பாருங்க.”