மூன்றாவது முறை

மயிலாப்பூரில் நான் படித்த வகுப்பில் என் பெயர் ஐந்து பேருக்கு இருந்தது. டீச்சர் கூப்பிட்டால் ஐந்து பேரும் எழுந்து நிற்போம். அவர் தலையில் அடித்துக்கொண்டு, இனிஷியலோடு மறுபடி கூப்பிடுவார். ஊரில் வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று அம்மாவிடம் நான் போடாத சண்டை இல்லை.

இப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. பிள்ளை இல்லை. அந்தப் பெயரில் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்தே பல வருடங்கள் ஆகிவிட்டன. தம்பிக்குப் பெண் பிறந்தபோது, வெட்கத்தை விட்டு, என் பெயரை வைக்கச் சொன்னேன்.

"அது ஆன்ட்டி பேரு அக்கா. இப்ப யாரு வைக்கிறாங்க?" என்று சிரித்தான்.

"நான் ஆன்ட்டிதானடா, வேற யாரு?" என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

கொட்டிவாக்கத்தில் அவன் ஃபிளாட்டில் பெயர் சூட்டினார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் காதில் அத்தைதான் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும்; எங்கள் வீட்டு வழக்கம் அது. நியூமராலஜி பார்த்து வைத்த அந்தப் பெயர் என் வாயில் நுழையவே இல்லை. எப்படியோ இரண்டு முறை சொல்லிவிட்டேன். மூன்றாவது முறை குனிந்து, யாருக்கும் கேட்காமல், என் பெயரைச் சொன்னேன்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். என் பெயரைக் கூப்பிட்டும் ஒருவர்கூட எழுந்திருக்காததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.