ரேணிகுண்டாவோடு நின்ற பயணம்

கொரோனா இரண்டாம் ஆண்டு. திருப்பதிக்குப் பக்கத்தில் ரேணிகுண்டா விமான நிலையம். ஹைதராபாத் போகும் வரிசையில் எனக்கு முன்னால் பிச்சாட்டூரிலிருந்து வந்த வயதான கணவனும் மனைவியும் நிற்கிறார்கள். அந்த அம்மாவுக்கு நுரையீரல் சுருங்கும் நோய்; மாஸ்க் போட்டால் மூச்சு முட்டும். ஹைதராபாத்தில் இருந்த அவருடைய தங்கை நேற்று இறந்துவிட்டார். இன்று சாயங்காலம் அடக்கம்.

“மாஸ்க் இல்லாம ஏத்த முடியாதும்மா. டாக்டர் லெட்டர் ஏதாவது இருக்கா?” என்று தெலுங்கு வாடையோடு கேட்கிறாள் கவுன்டர் பெண்.

கணவர் சித்தூர் டாக்டருக்குத் திரும்பத் திரும்ப போன் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை.

“குடும்மா, போட்டுக்கறேன்,” என்று அந்த அம்மாவே மாஸ்க்கை வாங்கி மாட்டிக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் தோள்கள் ஏறி இறங்குகின்றன. கவுன்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறுகிறார். கணவர் பதறி அதைக் கழற்றுகிறார்.

பெண் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வருகிறாள். எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள்: “இப்படி மூச்சு வாங்கினா, மாஸ்க் போட்டாலும் ஏத்தமாட்டாங்க.”

நான் கணவரிடம், “நீங்களாவது போய்ட்டு வாங்களேன்,” என்கிறேன்.

“இவள இப்படி வுட்டுட்டா? கூடப் பொறந்தவ இவதானே சார். நான் மட்டும் போயி என்னாத்தப் பாக்கறது?”

அந்த அம்மா போனை வாங்கித் தங்கை வீட்டுக்குப் போடுகிறார். மூச்சு சேரும்வரை காத்திருந்து பேசுகிறார்.

“எங்களுக்காகக் காத்துக்கினு இருக்காதீங்க. பொட்டிய மூடிடுங்க.”