அடக்கப் பதிவேட்டில் இல்லாத பெரியப்பா

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே என் சித்தப்பாவுக்குக் குடும்ப வரலாறு எழுதும் ஆசை வந்துவிட்டது. மதராஸில் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக் கையெழுத்துப் போட்டவர். ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குத் திரும்பியதும் திருத்துவதற்கு எதுவுமில்லாமல் தவித்தார். அந்த வருடம் மாதா கோயில் திருவிழாவுக்கு மறைமாவட்ட ஆயர் வருகிறார் என்று தெரிந்ததும் வழி பிறந்தது. எங்கள் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதையைச் சிறு புத்தகமாக அச்சிட்டு, அதை ஆயர் கையால் வெளியிட வேண்டும். ஊரில் வேறு யாரும் இப்படிச் செய்ததில்லை என்பது ஒன்றே அவருக்குப் போதுமான காரணம்.

எழுதுவது அவர், தேடுவது நான் என்று அவரே முடிவு செய்தார். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது வயது முடியப்போகிறது. கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர், கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் ஆகாதவளுக்குப் பொழுது நிறைய இருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

"ரிஜிஸ்டர்ல இருக்கற தேதியெல்லாம் அழகா காப்பி பண்ணிக் குடு, போதும். மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார் சித்தப்பா. மீதி என்றால் பெருமை.

பெருமையில் பெரிய பங்கு என் பெரியப்பாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் மூத்தவர், என் அப்பா இரண்டாமவர், சித்தப்பா கடைசி. பெரியப்பா சாமியாராகப் போக இருந்தவராம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஊரில் காலரா வந்ததாம். நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றப் போனவரையும் அது கொண்டு போய்விட்டதாம். ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் அவர் பெயருக்குப் பூசை உண்டு. கல்லறை மட்டும் கிடையாது. சின்ன வயதில் நான் கேட்டபோது மழையில் கரைந்துவிட்டது என்றார்கள். பக்கத்திலேயே அதைவிடப் பழைய மண்மேடுகளெல்லாம் கரையாமல் நின்றதை நானும் அப்போது யோசிக்கவில்லை.

பங்குச் சாமியார் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு, பூச்சி மருந்து வாசனைக்குப் பயந்து வெளியே போய்விட்டார். லத்தீனில் எழுதிய பதிவேடுகள். பெயரும் மாதமும் புரிந்தால் போதும், மீதி ஒரே வாசகம்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில் மூன்று சகோதரர்களும் இருந்தார்கள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஓரத்தில் கல்யாணத் தேதி குறித்திருந்தது. பெரியப்பாவுக்கு ஓரம் காலி. சாமியாராகப் போக இருந்தவருக்கு ஏது கல்யாணம் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

ஆனால் அடக்கப் பதிவேட்டில் தாத்தா இருந்தார், பாட்டி இருந்தார், பெரியப்பா இல்லை. முன்னும் பின்னும் ஐந்தைந்து வருடம் பார்த்தேன். இல்லை.

சித்தப்பாவிடம் சொன்னேன்.

"பக்கம் கிழிஞ்சி போயிருக்கும்."

"கிழியல சித்தப்பா. எண் வரிசையா ஓடுது. ஒண்ணுகூட விட்டுப்போகல."

"காலரா நேரத்துல எந்தச் சாமியாரு உக்காந்து எழுதிக்கினு இருப்பாரு? விட்டுட்டிருப்பாரு. நீ 'பதிவேடு சிதிலம்'னு போட்டுடு."

முப்பது வருட அலுவலக அனுபவம் அது. மறுநாள் போய் அந்த வருடத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். காலரா என்று ஒரு சாவுகூட இல்லை. அது மட்டுமல்ல. ஏரிக்கரையில் செத்துக் கிடந்த, பெயர் தெரியாத வழிப்போக்கன் ஒருவனைக்கூட அந்தச் சாமியார் நான்கு வரியில் எழுதியிருந்தார். பெயரில்லாதவனுக்கு நான்கு வரி எழுதியவர், கோயில் தர்மகர்த்தாவாக இருந்த என் தாத்தாவின் மூத்த மகன் செத்ததை மறந்துபோவாரா?

அலமாரியின் அடித்தட்டில் வேறொரு வகை ஏடு இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை சாமியார் வீடு வீடாகப் போய், யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதும் குடும்ப ஏடு. செத்தவர் பெயருக்கு முன்னால் சிலுவை போட்டிருக்கும். வெளியூர் போனவருக்கு ஊர் பெயர் எழுதியிருக்கும். ஒரு வருடத்து ஏட்டில் பெரியப்பா எங்கள் வீட்டில் இருந்தார். அடுத்த வருடத்து ஏட்டில் இல்லை. முந்தைய ஏட்டில் சிலுவையும் இல்லை, ஊர் பெயரும் இல்லை.

இப்படிக் காணாமல் போனவர் அவர் மட்டும்தானா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஒரு சனிக்கிழமை முழுவதும் இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாத் தெருக்களையும் ஒப்பிட்டேன். சிலுவையும் இல்லாமல் ஊரும் இல்லாமல் மறைந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் பெரியப்பா. இன்னொருத்தி காலனித் தெருவில், கோயில் மணி அடிப்பவரின் மூத்த மகள், இருபத்திரண்டு வயது.

அந்தப் பெண்ணின் தம்பிதான் இப்போது மணி அடிக்கிறவர். அவருடைய மகன் என் வகுப்பில் படித்தான். அன்று சாயங்கால மணி அடித்துவிட்டு இறங்கியவரை நிறுத்தினேன்.

"உங்களுக்கு அக்கா ஒருத்தங்க இருந்தாங்களா?"

"இருந்தாங்களாவா? கீறாங்களே டீச்சர். வல்லத்துல." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "உங்க பெரியப்பாவும் நல்லாத்தான் கீறாரு. போன மாசங்கூட எங்க வூட்டுக்கு வந்து துன்னுட்டுப் போனாரு."

"கல்லறைத் திருநாளுக்கு அவருக்குப் பூசை வெக்கறாங்களே, மணி நீங்கதான அடிக்கிறீங்க?"

"அடிக்கச் சொல்றாங்க, அடிக்கிறேன். செத்தாரா இல்லியான்னு கேட்டுக்கினா டீச்சர் அடிக்க முடியும்?"

காலனி முழுக்கத் தெரியும். பள்ளிக்கூடப் படி ஏறாத கிழவிக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்த எங்கள் தெருவில்தான் என் வயதுக்காரர்கள் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வல்லத்துக்குப் போனேன். இப்போது தொழிற்சாலை மதில்கள் ஓடும் இடத்தில் அப்போது நெல் வயல்தான். கேட்டவர்கள் ஒரு கிணற்றைக் காட்டினார்கள். கிணற்றடியில் ஆயில் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் அப்பாவின் மூக்கு. இன்னார் மகள் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு வந்த?"

சொன்னேன். புத்தகம், ஆயர், பதிவேடு எல்லாம்.

"எனக்கு இன்னா நோவுன்னு சொல்லிக்கிறாங்க?"

"காலரா."

"வாந்தி பேதியா? கொஞ்சம் கௌரவமான நோவாப் பாத்து வெச்சிருக்கலாமே அவங்க."

வீட்டுக்குக் கூட்டிப் போனார். பெரியம்மா மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. பெரியப்பா சாமியாராகப் போக இருந்த கதையைச் சொன்னதும் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவரா? பூசைக்கு வந்தா பீடத்தப் பாக்க மாட்டாரும்மா இவரு." நடந்தது எளிமையானது. கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கச் சொல்லிக் கேட்டார்கள். தாத்தாவின் பேச்சைக் கேட்டுச் சாமியார் மறுத்துவிட்டார். இருவரும் வேறு சபைக் கோயிலில் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த வாரமே தாத்தா மூத்த மகனுக்குச் சாவு பூசை வைத்தார்.

பெரியம்மா எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். என் கை நீளவில்லை. ஒரு நொடிதான். நான் டீச்சர், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறவள், சித்தப்பாவை மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டே பஸ் ஏறி வந்தவள். அப்படிப்பட்டவளின் கை ஒரு நொடி நின்றது. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டார். டம்ளரைப் பக்கத்திலிருந்த ஸ்டூலின் மேல் வைத்தார். எடுத்துக் குடித்தேன். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதனால் அந்த நொடி போய்விடவில்லை.

ஊருக்கு வந்து என் பங்கை எழுதிக் கொடுத்தேன். மூத்த மகன், அவர் மனைவி, இரண்டு மகள்கள், வல்லத்தில் வசிக்கிறார்கள். சித்தப்பா வாசித்தார். முகம் மாறவில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து நான்கு வரியையும் அடித்தார்.

"ஆயர் கையில குடுக்கற புக்குல இதெல்லாம் வருமா?"

"அவரு உயிரோட இருக்காரு சித்தப்பா."

"யாரு இல்லன்னது? புக்குல இல்ல, அவ்ளோதான்."

மூலையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி அது.

புத்தகம் வந்தது. காலரா அத்தியாயம் மூன்று பக்கம். "தியாகச் சுடர்" என்று தலைப்பு. ஆயர் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டிப் பேசினாராம். காய்ச்சல் என்று சொல்லி நான் போகவில்லை. அன்று மணி அடித்தவரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கும் கொஞ்சம் கட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு மாதம் ஒரு முறை வல்லத்துக்குப் போய்வந்தேன். சின்ன மகளுக்கு ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வருடம், வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு அப்பாவும் என்னோடு பஸ் ஏறினார். வல்லத்தில் நான் இறங்கியபோது அவரும் இறங்கினார்.

முப்பது வருடம் கழித்து அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். என்ன பேசுவார்கள் என்று காத்திருந்தேன். இன்ஜினைப் பற்றிப் பேசினார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று பேசினார்கள். அப்பா மூன்று இட்லி சாப்பிட்டார். கிளம்பும்போது பெரியப்பா, "முட்டி வலிக்குதா? நடையே சரியில்ல" என்று கேட்டார். அப்பா, "கொஞ்சம்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார்.

"நல்லாத்தான் கீறான் அண்ணன்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தி, "உங்க சித்தப்பன்கிட்ட சொல்லிடாத" என்றார்.