மூன்று அலைக்கோடுகள்

சீனக் கிண்ணத்தின் வயதை அறிய முதலில் அதைக் கவிழ்க்க வேண்டும். பூவையும் பறவையையும் எந்தக் காலத்திலும் வரையலாம். அடியில் இருக்கும் முத்திரைதான் பேசும். அதுவும் பல சமயம் பொய் பேசும். என்றோ இறந்த அரசரின் பெயரைப் புதுக் கிண்ணத்தில் இடுவது சீனக் குயவர்களின் பழைய வழக்கம். பெரியபட்டினம் அகழாய்வில் கிடைத்த சீனப் பாத்திர ஓடுகளைப் பதிவு செய்யும் வேலையில் பல வருடங்கள் இருந்து இதைக் கற்றுக்கொண்டேன். என் லாத்தா கொண்டுவந்த கிண்ணத்தையும் அப்படித்தான் கவிழ்த்துப் பார்த்தேன்.

லாத்தா என் உடன்பிறந்த அக்கா. கல்யாணமான இரண்டாம் வருடமே மச்சான் பினாங்குக்குப் போய்ச் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கப்பல் மூழ்கிவிட்டது, அவரும் அதில் இருந்தார் என்று செய்தி வந்தது. உடல் வரவில்லை. இருபத்திரண்டு வயதில் லாத்தா வெள்ளைச் சேலை கட்டினாள். மறுமணப் பேச்சை எடுத்தவர்களை வீட்டுப் படியேற விடவில்லை. வருடந்தோறும் அவர் பெயரில், இறந்தவர்களுக்காக ஓதும் யாசீனை ஓதி, ஏழைகளுக்குச் சோறாக்கிப் போட்டாள்.

இருபது வருடம் கழித்து, பினாங்கிலிருந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். மூடிய கடை ஒன்றைக் காலி செய்தபோது கிடைத்ததாம். மேலே மச்சானின் கையெழுத்தில் லாத்தாவின் பெயரும் ஊரும். உள்ளே நீல டிராகன் போட்ட ஒரு கிண்ணம் மட்டும். கப்பலேறும் முன் வாங்கி வைத்திருப்பார் என்று எல்லோரும் சொன்னோம். லாத்தா அதைத் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்தாள்.

எனக்கு முத்திரை படிக்கத் தெரியும் என்று அறிந்ததும் அலுவலகத்துக்கே எடுத்து வந்துவிட்டாள்.

“எந்தக் காலத்துதுன்னு பாருடா தம்பி. முத்திரைக்குக் கீழ அலை இருக்கு பாரு. கடல்ல இருக்கேன்னு உங்க மச்சான் எனக்குச் சொல்லிவிட்ட மாதிரி இல்ல?”

பூதக்கண்ணாடியை வைத்தேன். மேலே பழைய அரசரின் பெயர்; கையால் எழுதியதல்ல, அச்சு. கீழே சிறு கட்டத்துக்குள் மூன்று அலைக்கோடுகள். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கலாம் என்பதற்கான குறி அது. கப்பல் மூழ்கிய காலத்துக் கிண்ணங்களில் அதை நான் பார்த்ததே இல்லை.

பழையதுதான் என்று சொல்லியிருக்கலாம். தொழில் தெரிந்தவன் என்ற திமிர் என்னை விடவில்லை.

“லாத்தா, இது கப்பல் மூழ்கி ரொம்ப வருசத்துக்கு அப்புறம் செஞ்சது.”

“அப்ப வாங்கினது யாரு?”

“பெட்டி மேல இருக்கிறது மச்சான் கையெழுத்துதானே.”

“உசுரோட இருந்திருக்காரு!” என்றாள். ஒரு கணம் அவள் முகத்தில் கல்யாண நாளின் வெளிச்சம் வந்தது. பிறகு அது அணைவதையும் பார்த்தேன்.

“மௌத்தானவரோட பொஞ்சாதின்னு இத்தன நாளும் தல நிமுந்து இருந்தேன். வேணாம்னு விட்டுட்டுப் போனவரோட பொஞ்சாதியா ஆக்கிட்டியேடா.”

அந்த வருடம் யாசீன் ஓதவில்லை. “உசுரோட இருக்கிறவருக்கு எப்படிடா ஓதுறது?” என்றாள். பினாங்கில் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தோம். ஒரு தகவலும் இல்லை. வெள்ளைச் சேலையை மாற்றவும் அவளுக்கு மனம் வரவில்லை, கட்டிக்கொள்ளவும் கூசியது. கிண்ணத்தை உடைத்துவிடுவாளோ என்று பயந்தேன். உடைக்கவில்லை. கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டாள். என்னோடு பேசுவதை நிறுத்தவுமில்லை. ஆனால் அதன் பிறகு எதையும் என்னிடம் காட்டி, இது என்னவென்று கேட்டதேயில்லை.

போன வருடம் லாத்தா போய்விட்டாள். அடக்கம் முடிந்ததும் ஜமாத்தில் பதிவேடு எழுதுகிறவர் என்னைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். பெயர், வயது, வாப்பா பெயர். கடைசியாக, “மாப்பிள்ளை இருக்காரா, மௌத்தா?” என்றார்.

நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“மௌத்து. கப்பல்ல போயிட்டாரு” என்றேன்.

அவர் எழுதி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.