பறக்கும்போது நிற்கும் விசிறி

பெரியப்பாவின் கரம்பு நிலத்தில் அந்த விமானத்தைக் கொண்டுவந்து இறக்கிய முதல் நாளே பெரியம்மா ஆடுகளை அவிழ்த்துவிட்டார். மேய்க்க வேறு இடமே இல்லாத மாதிரி, தரையில் நாங்கள் சுண்ணாம்புப் பொடியால் போட்டிருந்த பெரிய கூட்டல் குறியின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போதும் அதே வழிதான். கூட்டல் குறி இருந்த இடத்தில் குளம்புத் தடம்தான் மிச்சம்.

“பெரிம்மா, அது விமானம் எறங்குறதுக்குப் போட்ட அடையாளம்.”

“ஆட்டுக்கு அதெல்லாம் தெரியுமாடி? அது என்ன உன்ன மாதிரி காலேஜுக்கா போச்சு?”

ஆட்டுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் நிலத்தில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் முதலில் அழித்துவிடத்தான் தோன்றும். பெரியம்மா பிறந்த ஊர் கிழக்கே, அரியலூர் பக்கம். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது சிலர் வந்து, சும்மா பாத்துட்டுப் போறோம் என்று சொல்லி, வயலில் வெள்ளையடித்த கல்லை நட்டுவிட்டுப் போனார்களாம். இன்று அந்த வயல் இருந்த இடத்தில் லாரிகள் இறங்கி ஏறும் சுண்ணாம்புக்கல் பள்ளம் இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் ‘சும்மா பாக்குறது’ என்பது ஒரு கெட்ட வார்த்தை. வாசலில் நின்று யாராவது அப்படிச் சொன்னால் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

அந்த வீட்டிலிருந்து போய் விமானப் பொறியியல் படித்தவள் நான். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான், கல்லூரியைப் பார்த்த முதல் ஆளும் நான்தான். வேலைக்குச் சேர்ந்த பிறகு பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைக்க மாட்டேன். கழுத்திலேயே தொங்கும். கர்வம் பிடித்தவள் என்றார்கள். ஆமாம், கர்வம்தான். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

கம்பெனி சின்னது. சென்னையிலிருந்து வந்து பெரம்பலூரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். எல்லாவற்றையும் நடத்துகிறவரை சார் என்போம். கீழே நின்று கருவியால் விமானத்தை ஓட்டுகிறவரைப் பைலட் என்போம். பறக்கவிட்டுப் பார்க்க மரமும் மின்கம்பியும் இல்லாத பொட்டல் வேண்டும் என்று சார் கேட்டபோது, எங்கள் கரம்பைச் சொன்னது நான்தான். மக்காச்சோளம் ஒடித்து முடித்து, கோடை உழவுக்குக் காத்துக்கிடந்த நிலம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவானது என்றாலும் மூத்தவர் வாக்குதான் வாக்கு.

“படம் புடிக்கிறது, அளக்குறது, அப்படி எதுவும் இல்லையே?” என்று பெரியப்பா கேட்டார்.

“இல்ல பெரிப்பா. பறக்குதான்னு மட்டும்தான் பாக்குறாங்க.”

“இது நீ சொல்றதா, அவங்க சொல்லச் சொன்னதா?”

“நான் சொல்றேன்.”

“அப்பச் சரி. நெலத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்கள நான் எங்கன்னு தேடுவேன்? உன்னத்தான் கேப்பேன்.”

இப்படியாக அந்த நிலம் என் வாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் மாதிரி நின்ற இடத்திலிருந்தே எழும்பும். மேலே போனதும், பின்னால் இருக்கும் சின்ன விசிறி தள்ள, முன்னோக்கி வேகமெடுக்கும். வேகம் போதுமான அளவு வந்ததும், தலைக்கு மேல் சுற்றும் பெரிய விசிறி மெதுவாகி மெதுவாகி, பறந்துகொண்டிருக்கும்போதே நின்றுவிடும். நின்ற விசிறியைக் குறுக்காகப் பூட்டிவிட்டால் அதுவே இறக்கை. அதன் பிறகு அது சாதாரண விமானம். இறங்கும்போது பூட்டைத் திறந்து விசிறியை மறுபடி சுற்றவிட்டு, ஹெலிகாப்டராக இறக்கலாம். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்கள் முயன்று பார்த்துக் கைவிட்ட வேலை இது. விசிறி முழுதாகச் சுற்றாமலும் முழுதாக நிற்காமலும் இருக்கும் சில வினாடிகளில்தான் எல்லாச் சிக்கலும். அந்த நேரத்தில் அது ஹெலிகாப்டரும் இல்லை, விமானமும் இல்லை. மூக்கருகே இருக்கும் குட்டி இறக்கையும் அகலமான வாலும்தான் அப்போது பாரத்தைத் தாங்க வேண்டும்.

எங்களுடையது ஆள் ஏறுகிற அளவு பெரியதில்லை. விசிறியின் நீளம் இரண்டு கயிற்றுக் கட்டிலை ஒட்டிப் போட்ட மாதிரி இருக்கும். ஊரில் அதைக் காத்தாடி என்றார்கள். பெரியப்பா ஒருநாள் வந்து விசிறியைத் தடவிப் பார்த்தார்.

“இதுல முன்பக்கம் எது?”

“ரெண்டு விளிம்பும் ஒண்ணுதான் பெரிப்பா. நின்னப்புறம் ஒரு கைக்கு முன்னாலேர்ந்து காத்து அடிக்கும், இன்னொரு கைக்குப் பின்னாலேர்ந்து அடிக்கும். அதுக்குத்தான் ஒரே மாதிரி செஞ்சிருக்கு.”

“அப்ப நல்ல சாமான்தான். முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு பேசாது.” குரலைத் தாழ்த்தி, “உங்க சாரு எப்படி?” என்றார்.

நான் சிரித்தேன். அந்தக் கேள்வி மட்டும் மனதில் தங்கிவிட்டது. அதன் பிறகு பார்ப்பதெல்லாம் கோணலாகத் தெரிந்தது. விசிறியை நிறுத்திப் பார்க்க நேர்கோட்டில் ஒரு ஓட்டம் போதும். எங்கள் கரம்பின் நீளமே அதற்குத் தாராளம். ஆனால் விமானம் ஒவ்வொரு முறையும் ஓடையைத் தாண்டி, கிழக்கே இருக்கும் நிலங்களை வளைத்துக்கொண்டு வந்தது. விசிறியை அரைவேகத்துக்குக் குறைப்பதோடு சரி, நிறுத்தவே இல்லை. நடுவில் சார் என்னிடம் சாதாரணமாகக் கேட்பார். “அந்தக் கெணறு யாருதும்மா? அதுக்கு அந்தாண்ட இருக்குற கரம்பு? எல்லாம் ஒரே குடும்பமா?” விமானம் விடுகிறவருக்குக் கிணறு யாருடையதாக இருந்தால் என்ன? இறங்கியதும் லேப்டாப்பைத் திறந்துகொண்டு வேனுக்குள் போய்விடுவார். நான் கிட்டே போனால், “டீ சொல்லும்மா,” என்பார்.

விமானத்தில் இரண்டு கேமரா. வாலில் இருப்பது விசிறியைப் பார்க்கும். வயிற்றில் இருப்பது தரையைப் பார்க்கும். இறங்கும்போது கூட்டல் குறியைக் கண்டுபிடிக்கத்தான் அது என்று சொல்லியிருந்தார்கள். மேலே பறக்கும்போதும் அது திறந்திருக்கிறதா என்று கேட்டேன்.

“நீயும் ஊர்க்காரங்க மாதிரியே கேக்குறியே,” என்று சார் சிரித்தார்.

நான் ஊர்க்காரிதான் என்று சொல்லியிருக்க வேண்டும். கழுத்தில் தொங்கிய அட்டை அப்போது வாயை அடைத்துவிட்டது.

விசிறியை முழுதாக நிறுத்தப்போகிற நாள் வந்தது. காலை வெயில் ஏறும் முன்பே பாதி ஊர் வரப்பில் உட்கார்ந்திருந்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக சாரிடம் வந்தார்.

“சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. செக்கு மாட்டுக்குக் கண்ணக் கட்டுவோம்ல, அது மாதிரி இதுக்கும் அடிக்கண்ணக் கட்டிட்டு விடுங்க.”

வரப்பில் சிரிப்பு. சார் சிரிக்கவில்லை. “ஐயா, அது எறங்குறதுக்குத் தேவை.”

“கையாலேயே எறக்கிடலாம் சார்,” என்றார் பைலட். சொன்ன வேகத்திலேயே, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

சார் பைலட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேனின் நிழலைப் பார்த்தார். ஒரு கேமராவை மூடுவதற்கு அவ்வளவு யோசனை எதற்கு? கடைசியில், “சரி, மூடிடும்மா,” என்றார்.

வேனிலிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து நானே ஒட்டினேன். ஒட்டி முடித்து நுனியை மடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் மோட்டார் வயரில் டேப் சுற்றும் யாரும் நுனியை மடிக்காமல் விட மாட்டார்கள். ஈரக் கையோடு அவசரத்தில் பிரிக்கும்போது நுனி அகப்பட வேண்டுமே! யோசித்துச் செய்வதில்லை, விரல் தானாக மடித்துவிடும்.

“அந்த ஆட்டையெல்லாம் கொஞ்சம் ஓட்டிட்டு வாம்மா,” என்றார் சார். பெரியம்மா வழக்கம்போல அவிழ்த்துவிட்டிருந்தார். ஆடுகளை ஓடைப் பக்கம் தள்ளிவிட்டு நான் வரப்புக்குத் திரும்புவதற்குள் விமானம் எழும்பிவிட்டது.

ஓடைக்கு அப்பால் ஒரு வளைவு போட்டுக்கொண்டு வந்து, கரம்பின் மேல் நேராக வேகமெடுத்தது. வட்டமாகத் தெரிந்த விசிறி மெல்லக் கலைந்து, இரண்டு கைகளாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்தது. சத்தம் குறைந்தது. மூக்கு லேசாக அமுங்கியது.

“ஐயோ, நின்னுபோச்சு! வுழுவப்போவுது!” என்று பெரியம்மா எழுந்துவிட்டார். அதுவரை ஆடுகளைக் குறிமேல் ஓட்டியவர், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, தாங்கிப் பிடிக்கப் போகிறவரைப் போல ஓடினார். கூடச் சிலரும் ஓடினார்கள். கரண்ட் போனதும் நிற்கும் மின்விசிறியையும், தண்ணீர் வற்றியதும் நிற்கும் மோட்டாரையும்தான் எங்களுக்குத் தெரியும். நின்றுவிட்ட பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும் ஒன்றை அன்றுவரை அங்கே யாரும் பார்த்ததில்லை.

விழவில்லை. விசிறி குறுக்காகப் பூட்டிக்கொண்டு, பருந்து சிறகை விரித்த மாதிரி நிமிர்ந்து பறந்தது. பெரியம்மா நீட்டிய கைகளை மடக்க மறந்து நின்றார். நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. மறுபடி விசிறி சுற்றத் தொடங்கி, வட்டமாகி, பைலட்டின் கையில் குலுங்கிக் குலுங்கி இறங்கியது.

பைலட்டும் சாரும் முதலில் ஓடிப்போய் விமானத்துக்கு அடியில் குனிந்தார்கள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டதால் நான் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. விசிறியின் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை; உரசாமல் பூட்டித் திறந்திருக்கிறது. குனிந்து வயிற்றைப் பார்த்தேன். டேப் இருந்தது. நுனி மடித்திருக்கவில்லை. கத்தரியால் வெட்டியதுபோல் நேராக, தட்டையாக ஒட்டியிருந்தது.

எழுந்து நின்று, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டேன். “இந்த டேப்ப யாரு மாத்துனது?”

“காத்துல பிரிஞ்சிருந்துச்சும்மா, எறங்குனதும் புதுசா ஒட்டுனேன்,” என்றார் பைலட்.

“யாரும் தொடவே இல்லையே,” என்றார் சார்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இறங்கிய பிறகு கேமராவை மூடுவதால் யாருக்கு என்ன பயன்? நான் ஆடு ஓட்டப் போயிருந்தபோதே பிரித்திருக்க வேண்டும் என்று புரிந்து, மறுபடி குனிந்து டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினேன். சார் கையை நீட்டித் தடுத்தார்.

“இதைப் போய் பெருசாக்காதம்மா. மேலேர்ந்து எப்படி இருக்குன்னு சும்மா பாத்தோம். அவ்வளவுதான்.”

எனக்குப் பின்னால் பெரியம்மா நின்றிருந்தார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவர் கை என் தோளில் வந்து விழுந்தது. சட்டையைப் பிடித்தாரா, என்னைப் பிடித்தாரா, தெரியவில்லை.

யாருக்காகப் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நிலத்துக்காகவே இல்லாமலும் இருக்கலாம். வேறு யாருக்கோ கேமராவை விற்பதற்காகப் படம் எடுத்திருக்கலாம், வெறும் ஆசைக்காக எடுத்திருக்கலாம். ஆனால் பெரியப்பாவிடம் வாக்குக் கொடுத்தது அவர்கள் இல்லை. நான். வரப்புக்குப் போய், ஊர் கேட்கும்படியே சொன்னேன்.

“பெரிப்பா, நாளையிலேர்ந்து எடம் குடுக்காதீங்க. நான் சொன்னத நான் திரும்ப வாங்கிக்கிறேன்.”

“கேட்டுக்கிட்டியா?” என்று பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். “இதக் கண்டுபுடிக்கத்தான் இம்புட்டுப் படிப்பு. நான் படிக்காதவன், பாத்த அன்னைக்கே சொன்னேன்.”

“நீங்க சந்தேகந்தான் பட்டீங்க பெரிப்பா. நான் பாத்துட்டுச் சொல்றேன்.”

வரப்பில் யாரோ, “ஆத்தி, வாயப் பாரு,” என்றார்கள்.

அட்டையைக் கழற்றி சாரிடம் நீட்டினேன். அவர் வாங்காமல், “யோசிச்சுப் பாரும்மா, இந்த மாதிரி வேலை வேற எங்க கெடைக்கும்?” என்றார். அது உண்மைதான். விமானத்தின் மூக்கின் மேல் வைத்துவிட்டு வந்தேன். மத்தியானத்துக்குள் வேன் போய்விட்டது. இரண்டாம் நாள் பெரியப்பா டிராக்டர் சொல்லிக் கோடை உழவைத் தொடங்கினார். சுண்ணாம்புப் பொடி மண்ணோடு போயிற்று.

பெரியப்பா, உழவு ஓடிக்கொண்டிருக்கும்போது, வாய்க்காலில் கால் கழுவுகிற மாதிரி என் பக்கம் வந்து நின்றார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

“ஏ பாப்பா. அந்த விசிறி மேல நெசமாவே நின்னுச்சா? இல்ல, அதுலயும் ஏதாச்சும் கண்கட்டா?”

“நின்னுச்சு பெரிப்பா. பூட்ட நான் தொட்டுப் பாத்தேன். அது மட்டும் நெசம்.”

“நெசம்னு நீ சொல்றியா?”

“நான் சொல்றேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு டிராக்டரை நோக்கி நடந்தார்.