ஆகாசக் கப்பலில் பாடு மீறியவன்

நான் முதன்முதலாக விமர்சனம் செய்த தொடர் எனக்குத் தெரியாத பாஷையில் வந்தது. அதன் கடைசிப் பத்து நிமிடத்தை நான் பார்க்கவும் இல்லை. இதே தகுதிகளோடு விமர்சனம் எழுதிப் பிழைக்கிறவர்களைப் பிற்பாடு நிறையச் சந்தித்துவிட்டேன். சில வாரங்களில் நானே அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறேன். அதனால் இப்போது வெட்கமில்லாமல் சொல்லலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினாலு வயது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டில் எங்கள் குப்பம். பள்ளிக்கூடம், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அக்கரையில், பழவேற்காட்டில். படகேறித்தான் போகவேண்டும். குப்பத்தில் டிவி கிடையாது. அக்கரையில் என் வகுப்புத் தோழியின் வீட்டில் இருந்தது. பழைய வியாபாரக் குடும்பம், பெரிய முற்றம். மொட்டை மாடியில் மூங்கில் கழியில் ஆன்டெனா கட்டியிருந்தார்கள். திருப்பாலைவனம் பக்கம் திருப்பினால் வெறும் புள்ளி, காட்டூர் பக்கம் திருப்பினால் படம். காற்று அடிக்கிற நாளில் யாராவது ஒருவர் மாடியிலேயே கழியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தொடர் வரும். எட்டுப் பிள்ளைகள், எல்லோருக்கும் பதினைந்து பதினாறு வயது. ஒரு ஆகாசக் கப்பலில் தனியாகப் போய்க்கொண்டிருப்பார்கள். கூட வந்த பெரியவர்கள் எல்லாரும் கண்ணாடிப் பெட்டிகளில் தூங்குவார்கள். ஊர் போய்ச் சேர நூறு வருஷம் ஆகுமாம், அதனால் தூக்கம். பெட்டியைத் திறக்கிற சாவி வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. இதுதான் கதை. எனக்கு அதில் பைத்தியம். திங்கள் முதல் சனி வரை ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

நைனாவுக்கு இது பிடிக்கவில்லை. ஞாயிறு காலையில்தான் அம்மாவுக்கு இறால் தலை கிள்ள ஆள் வேண்டும். நான் அந்த நேரம் பார்த்து அக்கரையில் இருந்தேன்.

“வாரா வாரம் அக்கரைக்குப் போயி இன்னாத்த பாத்துக் கிழிக்கிறே?” என்றார் ஒரு சனிக்கிழமை.

“கதை நைனா. நல்ல கதை.”

“அப்டியா? நாளைக்குப் போ. வந்து ஒண்ணு வுடாம எனக்குச் சொல்லு. விஷயம் இருந்தா வாராவாரம் போ. இல்லியா, இத்தோட சரி.”

நைனா சொன்னால் சொன்னதுதான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வாரக் கதை. அதை வைத்து மீதி எல்லா வாரங்களையும் ஜெயிக்கவேண்டும்.

தோழியின் அண்ணி வாணியம்பாடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். உருது அவருக்குத் தாய்மொழி. இந்தித் தொடரை எங்களுக்குத் தமிழில் சொல்வது அவர்தான். மடியில் பூண்டை வைத்து உரித்துக்கொண்டே சொல்வார். டிவியில் பத்து வாக்கியம் பேசினால் ஒன்றைச் சொல்வார், அதிலும் பாதி அவருடைய சொந்த அபிப்பிராயமாக இருக்கும். “இந்தப் பொண்ணு பொல்லாதவ. மூஞ்சியே சரியில்ல” என்பார். அது வசனமா, இவர் சொல்வதா என்று கண்டுபிடிக்கவே தனித் திறமை வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதை இப்படி. கப்பலுக்கு வெளியே பெரிய பெரிய தகடுகள். வெயிலில் சக்தி எடுப்பதற்கு. அதில் தூசி படியும். தினமும் ஒரு பிள்ளை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே போய்த் துடைக்கவேண்டும். அன்றைக்கு ஒரு பையன், தன் முறை இல்லாத நாளில், யாருக்கும் சொல்லாமல் போய்விட்டான்.

“அவன் பாரி இல்ல. இருந்தும் போய்ட்டான், லுச்சா” என்றார் அண்ணி.

உருதுவில் பாரி என்றால் முறை, என் காதில் வேறு மாதிரி விழுந்தது. “பாடா?” என்றேன்.

அண்ணியின் கண் டிவியில் இருந்தது. “ஆமாமா, அதான். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு நாள்.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆகாசத்தில் பாடு! எங்கள் ஏரியில் பாடு என்பது சாதாரண விஷயமில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எந்த இடத்தில், எந்த நாளில், எந்தக் கூட்டம் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டு எடுத்து வைத்திருக்கும் முறை அது. உன் பாடு வந்தால் நீ போகலாம். அடுத்தவன் பாட்டில் கால் வைத்தால் ஊர்க்கூட்டம் உன்னைச் சும்மா விடாது, உன் அடுத்த பாடுகளை நிறுத்திவைக்கும். அந்த முறை நட்சத்திரங்களுக்கு நடுவிலும் நடக்கிறது என்றால், நைனாவிடம் சொல்ல இதைவிட என்ன விஷயம் வேண்டும்?

அந்தப் பையன் எதற்குப் போனான் தெரியுமா? வால் நட்சத்திரம் பார்க்க. பார்த்துக்கொண்டே இருந்தவனின் கயிறு தகட்டில் சிக்கிக்கொண்டது. எப்படியோ அறுத்துக்கொண்டு கதவுவரை வந்துவிட்டான், அதற்குள் அவனுடைய காற்றுப் பெட்டி காலி. கதவைத் தட்டுகிறான். உள்ளே தலைவனாக இருக்கிற பையன் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். கதவில் ஏதோ கோளாறு. திறந்தால் உள்ளே இருக்கிறவர்களின் காற்றும் போய்விடும். திறக்காதே என்று மூணு பேர், திற என்று மூணு பேர். அண்ணி பூண்டைக் கீழே வைத்துவிட்டார். “அரே, தொறடா பாவி!”

கரண்ட் போய்விட்டது.

முற்றமே “அய்யோ” என்றது. மாடியில் கழி பிடித்துக்கொண்டிருந்தவர் தன்மேல்தான் தப்பு என்று நினைத்து நாலா பக்கமும் ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்தபோது திரையில் ஒருவர் தென்னைக்கு எப்படி உரம் வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

படகு கரையை நெருங்கும்போதே அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள், “எல்லாம் வந்துட்டீங்களா?” அது அம்மாவின் வழக்கம். கடலுக்குப் போன படகோ, சந்தைக்குப் போன படகோ, முதல் கேள்வி அதுதான். இறால் கிடைத்ததா என்பதெல்லாம் அப்புறம்.

நைனா கொட்டகையில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். கூட இன்னும் ஐந்து பேர், எல்லோரும் பாடு எடுப்பதில் அவருடைய கூட்டாளிகள். நைனாவிடம் தனியாகச் சொல்லலாம் என்றிருந்த நான் கொட்டகை ஓரத்திலேயே நின்றேன்.

“ம், சொல்லு” என்றார்.

சொன்னேன். கண்ணாடிப் பெட்டியில் பெரியவர்கள் தூங்குகிற இடத்திலேயே தகராறு வந்துவிட்டது.

“படகு போவ சொல்ல பெரியவங்க தூங்கறாங்களா? வெளங்கிடும்” என்றார் ஒருவர்.

“அங்க காத்து இல்லன்றியே, அப்பறம் எதுல போவுது?”

“வெயில்ல போவுது மாமா.”

“வெயில்ல கருவாடுதான் காயும்.”

எல்லாரும் சிரித்தார்கள். என் ஞாயிற்றுக்கிழமை கண்ணெதிரே மூழ்கிக்கொண்டிருந்தது. சட்டென்று பாடு விஷயத்துக்கு வந்தேன். தகடு துடைக்க அங்கேயும் பாடு உண்டு, ஒருவன் பாடு மீறிப் போய்விட்டான் என்றேன். ஆறு பேரின் கையும் வலையில் நின்றது.

“பாடு இருக்குதா அங்க?”

“இருக்குது மாமா. ஆளுக்கு ஒரு நாள்.”

“அந்தப் பசங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“இல்ல.”

“அப்ப இன்னாத்துக்குப் பாடு? நம்ம ஊர்ல கல்யாணம் ஆனாத்தான பாடு!”

எட்டு விண்வெளி வீரர்களுக்கும் அவசரமாக எப்படிக் கல்யாணம் செய்து வைப்பேன்? நல்லவேளை, அவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் தூங்கினால் வீட்டுக்கு ஒரு பையன் பாடு எடுக்கலாம் என்று ஒரு கட்சி. ஆகாசமே ஆனாலும் முறை முறைதான் என்று இன்னொரு கட்சி. நான் கதையைத் தொடர்ந்தேன். வால் நட்சத்திரம், சிக்கிய கயிறு, காலியான காற்றுப் பெட்டி, தட்டுகிற கை.

இப்போது நைனா நிமிர்ந்தார். “கதவத் தொறந்தானுங்களா?”

கரண்ட் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், முடிவு தெரியாத கதைக்கு எதற்கு அக்கரை என்று நிறுத்திவிடுவார். இத்தனை நேரம் மீட்டுவந்த ஞாயிற்றுக்கிழமையைக் கரைக்குப் பக்கத்தில் விட எனக்கு மனம் வரவில்லை.

“ஊர்க்கூட்டம் போட்டாங்க நைனா” என்றேன். “பாடு மீறினதுக்கு அவனுக்கு மூணு பாடு நிறுத்திட்டாங்க.”

“அப்டிப் போடு!” என்று ஒருவர் தொடையில் தட்டினார். “ஆகாசத்துலயும் நாயம் இருக்குதுபா!” கொட்டகையே கலகலத்தது. நைனா மட்டும் இன்னும் ஏதோ கேட்க வந்தவர் போல இருந்தார். அந்தச் சத்தத்தில் கேட்காமலே விட்டுவிட்டார். நானும் நழுவிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்கக் குப்பத்தில் இதே பேச்சு. தண்ணீர் எடுக்கிற இடத்தில் பெண்கள் என்னை நிறுத்தி, அந்தத் தலைவன் பையன் யார் வீட்டுப் பிள்ளை மாதிரி இருப்பான் என்று கேட்டார்கள். யாராவது வரிசையில் முந்தினால், “மூணு பாடு நிறுத்திடுவோம்” என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை நைனா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், “நாளைக்கு நானும் வரேன்.”

“எங்க நைனா?”

“டிவி பாக்க.”

பொய் சொன்னதற்கு நைனா அடிக்க மாட்டார், ஆனால் மாதக் கணக்கில் முகத்தைப் பார்க்காமல் இருப்பார். அதற்கு அடியே தேவலை. ஞாயிற்றுக்கிழமை போனது போனதுதான் என்று முடிவுகட்டி, ராத்திரி போர்வைக்குள் கொஞ்சம் அழுதேன்.

நைனா கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். தோழி வீட்டில் அவருக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். அண்ணி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மரியாதைக்காக அன்று ஒழுங்காகவே மொழிபெயர்த்தார். தொடங்கியதுமே போன வாரத்து முடிவைக் காட்டிவிட்டார்கள். கைப்பிடியில் கை. கதவு திறக்கிறது. காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, உள்ளே இருக்கிற ஏழு பேரும் உருண்டு விழுகிறார்கள், விழுந்தபடியே ஒருவர் காலை ஒருவர் பிடித்துச் சங்கிலியாக நீண்டு அவனை உள்ளே இழுக்கிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. ஒரு பெண் அவனைப் பளாரென்று அறைந்து, உடனே கட்டிக்கொண்டு அழுகிறாள். ஊர்க்கூட்டமும் இல்லை, பாடு நிறுத்தவும் இல்லை.

நான் நைனா பக்கம் திரும்பவே இல்லை. டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்கப்புறம் அந்த வாரக் கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

திரும்பும்போது எங்கள் படகில் நாங்கள் இரண்டு பேர்தான். நைனா நின்றபடி கழி ஊன்றிக்கொண்டிருந்தார். பாதி ஏரி வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

“நைனா, அன்னைக்கி கரண்டு போச்சு. மூணு பாடு நிறுத்துனது நானா சொன்னது.”

“தெரியும்.”

“எப்டித் தெரியும்?”

“மூணு பாடு நிறுத்தறது நம்ம ஊரு கணக்கு. பக்கத்துக் குப்பத்துலயே ரெண்டுதான். ஆகாசத்துல எப்டி மூணு வரும்?”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “பொய்யினு தெரிஞ்சும் எதுக்கு நைனா சட்டை போட்டுக்கினு வந்தே?”

நைனா கழியைத் தண்ணீரிலிருந்து உருவினார். “பாடு நிறுத்துனாங்கன்னியே தவிர, பையன் உள்ள வந்தானா இல்லியான்னு நீ சொல்லவே இல்லியேமா. ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல.”

படகு தானாகக் கொஞ்ச தூரம் போனது.

“ஒரு படகு போச்சுன்னா ஆள் வந்தானா, அத்த மொதல்ல சொல்லு. மத்த கதையெல்லாம் அப்பால வெச்சுக்கோ. அடுத்த வாரம் கரண்டு போனா, போச்சுன்னு சொல்லு. போயிட்டு வா, நான் இன்னா வேணான்னா சொல்றேன்?”

அடுத்த வாரம்! காதில் விழுந்ததை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நம்பியதும் துள்ளினேன், படகு ஆடியது, “ஏய், குந்து!” என்று அதட்டினார். குந்தினேன்.

கரை தெரிந்தது. இறால் கூடைக்குப் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து இடுப்பில் கை வைத்தாள்.

“எல்லாம் வந்துட்டீங்களா?”

“வந்துட்டோம்!” என்று நைனா கத்தினார். “அந்தப் பையனும் உள்ள வந்துட்டான்!”

அம்மா கையை இடுப்பிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். “அப்பாடா” என்றாள்.